செவுளில் இருந்த புள்ளிகள்

மண். மண். பாசி நூல் ஒன்று. மண். இது? இல்லை, இதுவும் மண்தான், கொஞ்சம் மினுங்குகிற மண், தாமிரபரணி மண்ணில் இந்த மினுக்கம் எப்போதும் உண்டு, அதை நம்பிக் காலையிலிருந்து எத்தனை தடவை நெஞ்சு துள்ளிவிட்டது, இனி மினுக்கத்தை நம்பக்கூடாது, அசைவதை மட்டும்தான் நம்பவேண்டும், அசைவதிலும் நீந்துகிறதை நம்பக்கூடாது. நீந்தினால் அது ஓட்டுப்பூச்சி. இரண்டு ஓட்டுக்குள் மூடிக் கிடக்கும்போது அச்சு அசலாக மட்டிக்குஞ்சு மாதிரியே இருக்கும், நாம் வாயைத் திறந்து யாரையாவது கூப்பிடப்போகிற நேரம் பார்த்து இடுக்கிலிருந்து மீசையை நீட்டி விருட்டென்று ஓடிவிடும். கெட்ட எண்ணம் ஒன்றும் அதற்குக் கிடையாது, அது பாட்டுக்கு இருக்கிறது, ஆனாலும் கண்ணில் பட்டதும் எரிச்சல் வருகிறது. மட்டிக்குஞ்சு ஓடாது. இரண்டு ஓட்டையும் லேசாகத் திறந்து ஒரு காலை வெளியே விடும். கால் என்றுதான் புத்தகம் சொல்கிறது, பார்த்தால் நாக்கு. நீட்டி, முன்னால் கிடப்பதைத் தொட்டு, பிடித்து, தன்னையே கொஞ்சம் இழுத்துக்கொள்ளும். அப்படித்தானாம். நான் உயிரோடு பார்த்ததில்லை, படத்தில் பார்த்ததுதான், அதுவும் எந்தத் தேசத்து ஆற்றிலோ கிடக்கிற வேறு ஏதோ மட்டியின் குஞ்சு. மைக்ராஸ்கோப்பில் வைத்த வலது கண் தளும்புகிறது. இடது கண்ணுக்கு மாற்றினால் எல்லாம் கொஞ்சம் மஞ்சளாகத் தெரிகிறது, எது நிஜ நிறம் என்று தெரியவில்லை, பிடரியில் யாரோ கட்டைவிரலை வைத்து அமுக்கிக்கொண்டே இருப்பது போல ஒரு வலி. தட்டை ஒரு நூல் நகர்த்துகிறேன். மண். மண்.

வெளியே, இங்கே மீன்களைப் பார்த்துக்கொள்கிற மாசானம் அண்ணன் தொட்டிகளுக்கு நடுவே போகிறார் வருகிறார், ரப்பர் செருப்பு ஈரச் சிமெண்டில் ஒட்டி ஒட்டிப் பிரிகிற சத்தம். வந்து கதவடியில் நின்றார், காலையிலிருந்து இரண்டாவது தடவையோ மூன்றாவது தடவையோ. "ஏ பிள்ள, அந்த வாளி இன்னும் ஆவலியா? செடிக்கு ஊத்தணும்லா. மீன் கழிவுத் தண்ணி எடுத்த உடனே ஊத்தணும், நாளாச்சின்னா நாறிப்போவும்." இன்னும் கொஞ்சம்தான் அண்ணே என்றேன், கண்ணை எடுக்காமல். என்ன பார்க்கிறாய் என்று அவர் கேட்கவில்லை. நான் ஏதாவது ஒன்றைப் பார்த்துக்கொண்டே இருப்பது அவருக்குப் பழகிவிட்டது. அது பழைய பெயிண்ட் வாளி, பக்கவாட்டில் இன்னும் கொஞ்சம் ரோஸ் பெயிண்ட் காய்ந்து கிடக்கிறது, அதற்குள் ஞாயிற்றுக்கிழமை அவர் மூன்றாம் தொட்டியின் அடியிலிருந்து ட்யூப் போட்டு உறிஞ்சி எடுத்த சகதி. வீட்டில் ரோஜாவும் கறிவேப்பிலையும் வைத்திருக்கிறார், அதற்குக் கொண்டுபோக வைத்திருந்தது, நேற்று மழைக்கோளாக இருந்ததால் சைக்கிளில் தூக்கிக்கொண்டு போகவில்லை, இன்று காலையில்தான் என் கண்ணில் பட்டது. மழைக்கோள் இல்லாவிட்டால் இந்நேரம் கறிவேப்பிலை மூட்டில் காய்ந்து வெடித்திருக்கும். அவருடைய சோம்பல்தான் இப்போது என் கையில் இருக்கிறது, இங்க் பில்லரில் உறிஞ்சி, கண்ணாடித் தட்டில் விட்டு, கண்ணாடிக்கு அடியில் வைத்து, பார்த்து, பார்த்ததை வேறு வாளியில் கொட்டி, மறுபடியும் உறிஞ்சி. இதில் ஒன்றாவது இருக்கவேண்டும். இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் நாக்குமட்டிக்கு இந்த ஆற்றில் இனிப் பிள்ளை இல்லை. இப்படிச் சொன்னால் நாடகத்தில் சொல்வது போல இருக்கிறது, ஆனால் இதற்கு மேல் மெதுவாக இதை எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

நேற்றுக் காலை நான் வந்து பையைக்கூட இறக்கிவைக்கவில்லை, முகமெல்லாம் சிரிப்பாக வந்து நின்றார். சித்தி வீட்டுப் பால்காய்ப்புக்கென்று ஞாயிற்றுக்கிழமை நான் ஊருக்குப் போயிருந்தேன், அன்றைக்கு அவருக்கும் லீவுதான், லீவில் வந்திருக்கிறார், மனசு கேட்காமல் வந்தாராம். கெண்டைகளுக்குச் சீக்கு கண்டிருக்கிறது, சனிக்கிழமை சாயங்காலம் தீனி போடும்போது பார்த்தாராம், ஒன்று வாயைப் பிளக்கும்போது செவுளுக்குள் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி, பிடித்துப் பார்த்தால் எல்லாவற்றிலும் அப்படித்தான் இருந்ததாம். இரவு முழுக்கத் தூங்கவில்லை என்று அவர் வீட்டுக்காரி சாட்சி சொல்வாள். காலையில் வந்து அடியைச் சுத்தமாக உறிஞ்சி எடுத்து, தொட்டிக்குள் கிடந்த வலைத்துணிகளைத் துவைத்துக் காயப்போட்டு, புதுத் தண்ணீர் விட்டு, கல்லுப்பை அளவு பார்த்துக் கரைத்துவிட்டு, மத்தியானம் வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்திருக்கிறார். சொல்லிக்கொண்டே கைவலையில் ஒரு மீனைப் பிடித்தார், அவர் பிடித்தால் மீன் துடிக்காது, அது ஒரு கைப்பாங்கு, கட்டைவிரலால் செவுள் மூடியைத் தூக்கிக் காட்டினார். "பாத்தியா, ஒரு புள்ளி இருக்கா?" சிவப்பாக, பூப்போல, ஈரமாக, அடுக்கடுக்காக இருந்தது செவுள். ஒரு புள்ளி இல்லை. பத்து வருஷம் டவுனில் கலர் மீன் கடை வைத்திருந்தவர், அவர் கையில் மீன் செத்ததாகச் சரித்திரம் கிடையாது, கடைதான் செத்தது. நான் பார்த்துக்கொண்டே நின்றேன். நல்லாருக்குண்ணே என்று என் வாய் சொன்னது. வாய்தான் சொன்னது, நான் எங்கோ வயிற்றுக்குள் நின்றுகொண்டு அதைக் கேட்டேன். அப்புறம் அவர் மீனைத் தண்ணீரில் விட்டார், அது வாலைச் சுழற்றிக்கொண்டு ஆரோக்கியமாக அடியில் போய் நின்றது.

மண். ஒரு செத்த ஓடு. இதுவும் ஓட்டுப்பூச்சியின் ஓடாக இருக்கலாம், விளிம்பில் மடிப்பு இருந்தால் பூச்சி, வரி இருந்தால் மட்டி, வரி இருப்பது போலவும் இருக்கிறது. காலி ஓடு எதுவானால் என்ன. இந்த நாக்குமட்டியைப் பார்த்தால் யாரும் இதற்காகக் கவலைப்பட மாட்டார்கள், ஆற்றில் முக்குளித்து எடுத்தால் உள்ளங்கை நீளத்துக்கு ஒரு கறுப்புக் கட்டை, சேறு பூசியது, கையில் எடுத்ததும் நாக்கை இழுத்துக்கொண்டு வாயை மூடிவிடும், அவ்வளவுதான் அது செய்யும். ஆனால் மணல் வேண்டும் அதற்கு. பாதி உடம்பைப் புதைத்துக்கொண்டு நிற்க ஒரு முழ ஆழத்துக்காவது நல்ல மணல், மேலே நிற்காமல் ஓடுகிற தண்ணீர். மணல் லாரி ஏறிப் போய்விட்டது. தடுப்பணைக்குக் கீழே பாறை இடுக்குகளில் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது, அங்கேதான் இவை நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன. படித்துறைப் பக்கம் மணல் உண்டு, ஆனால் பரிகாரம் செய்ய வருகிறவர்கள் முழுக்குப் போட்டுவிட்டு உடுத்தியிருந்ததை ஆற்றோடு விட்டுவிட்டுப் போகிறார்கள், வேட்டி, சேலை, பிள்ளைகளின் சட்டை, பாவம் அதோடு போய்விடும் என்று. துணி போகவில்லை. அடியில் போய்ப் படிகிறது, மேலே மேலே படிகிறது. காலால் துழாவித் துழாவி நானும் இந்த ஆராய்ச்சியை நடத்துகிற எபனேசர் சாரும் போன வெயில் காலம் முழுக்க அந்த ஆற்றில் நடந்தோம், சார் முழங்கால் வலியோடு, என்னைவிடப் பொறுமையாக. ஒருநாள் கால்விரலில் ஏதோ சுற்றியது, இழுத்தேன், ஒரு பட்டுப்புடவை, ஜரிகை இன்னும் மினுங்குகிறது, அது கிளம்பி வந்த இடத்தில் ஏழெட்டு நாக்குமட்டி, நிற்கிற நிலையிலேயே வாய் பிளந்து, உள்ளே ஒன்றுமில்லாமல். புடவையை மறுபடியும் விடவா கரைக்குக் கொண்டுபோகவா என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு இடுப்புத் தண்ணீரில் நின்றேன். சார் அடுத்த பாறைக்குப் போய்விட்டார்.

உயிரோடு இருப்பவையும் இருந்தன, இல்லாமல் இல்லை. அதுதான் வேடிக்கை. எண்ணிப் பார்த்தால் பரவாயில்லையே என்று தோன்றும், ஆனால் எல்லாம் கிழடு. ஓட்டில் வருஷத்துக்கொரு வரி விழும், வரிகள் நெருங்கி நெருங்கி விளிம்பில் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன, நான் பிறப்பதற்கு முன்னாலிருந்தே அந்த இடுக்கில் நிற்பவை. சின்னது ஒன்றுகூட இல்லை. விரல் அளவில் இல்லை, நகத்தளவில் இல்லை. எங்கள் ஊர்த் தெருவில் இப்போது அப்படித்தான், மருந்துக் கடையில் கூட்டமாக இருக்கிறது, பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளைவிட வாத்தியார் அதிகம். மட்டிக்குப் பிள்ளை இல்லாததற்குக் காரணம் கெண்டை. மட்டி பிள்ளை பெற்றால் தண்ணீரில் விடும், அந்தப் பிள்ளை தூசி மாதிரி, அதற்கு வளரத் தெரியாது, ஒரு கெண்டையின் செவுளைப் பிடித்துத் தொங்கிக்கொண்டால்தான் உண்டு, சில வாரம் அங்கே தொங்கி, ரத்தத்தில் கொஞ்சம் குடித்து, உறுப்பெல்லாம் வந்தபிறகு கையை விட்டுக் கீழே மணலில் விழும். வேறு மீனில் தொங்கினால் அந்த மீனின் உடம்பு அதைப் பொசுக்கிவிடும். ஆறு முழுக்க இப்போது ஜிலேபிக் கெண்டை, பெயர்தான் கெண்டை. மட்டிக்கு அது எங்கே தெரியும், அது தண்ணீரில் விடுகிறது, பிள்ளைகள் வந்த மீனைப் பிடித்துக்கொள்கின்றன, உதிர்கின்றன. வருஷா வருஷம். அவ்வளவு வரியும் அப்படி விழுந்தவைதான். அந்தக் கிழடுகளில் ஒன்றே ஒன்று வயிற்றில் பிள்ளையோடு கிடைத்தது எங்களுக்கு, பருவம் முழுக்கத் தேடியதில் ஒன்று. மேற்கே ஓடையிலிருந்து உண்மைக் கெண்டைகளைப் பிடித்துவந்து, அந்தத் தாயை அவற்றோடு மூன்றாம் தொட்டியில் வைத்து, அது பிள்ளைகளை விட்ட அன்று சார் தொட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். மறுவாரம் தாய் செத்துப்போனது. பரவாயில்லை என்றார் சார், செவுளில் இருக்கிறதே.

செவுளில் இருந்தது, உப்பு பட்டதும் உதிர்ந்து செத்தது, அதற்கு முன்னாலேயே வளர்ந்து விழுந்தது ஏதாவது இருந்தால் இந்த வாளியில்தான். மாசானம் அண்ணனிடம் நான் சொல்லாமல் இல்லை. இதைத்தான் நேற்றிலிருந்து சுற்றிச் சுற்றி வருகிறேன், சுற்றிவிட்டு அதே முளையில் வந்து இடிக்கிறேன். சொன்னேன். ஆனால் எப்படிச் சொன்னேன் என்று பார்க்கவேண்டும். எனக்கும் அவருக்கும் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு விளையாட்டு உண்டு, மீனைப் பற்றி ஆளுக்கொரு புளுகு சொல்லவேண்டும், யார் முதலில் சிரிக்கிறார்களோ அவர் அன்றைக்குப் பாத்திரம் கழுவவேண்டும். அவர்தான் ஆரம்பித்தது. அவர் கடையில் ஒரு பெரிய மீன் இருந்ததாம், அவர் வீட்டுக்காரி கொலுசுச் சத்தம் தெருமுனையில் கேட்டதும் கல்லுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்ளுமாம், இவரும் கூடவே கல்லாவுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வாராம். ஒரு தங்கமீன் இருந்ததாம், அமாவாசைக்கு விரதம், அன்றைக்குத் தீனி போட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். முகத்தில் ஒரு சுருக்கம் மாறாமல் சொல்வார். நானும் சொல்வேன், எனக்கு அந்த அளவுக்கு வராது, பாதியில் எனக்கே சிரிப்பு வந்துவிடும். தாய்மட்டி பிள்ளை விட்ட அன்று சாப்பிடும்போது நான் சொன்னேன், அண்ணே, மட்டி பிள்ளை பெத்து மீன்கிட்டக் குடுத்துட்டுப் போயிருக்கு, மீனு செவுளுக்குள்ள வச்சு வளக்குது, பாத்துக்கிடுங்க. அவர் சோற்றை வாயில் வைத்தபடி என்னைப் பார்த்தார். "தாலாட்டு கீலாட்டு உண்டுமா?" என்றார். அவர் முகத்தைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எழுந்துபோய்ப் பாத்திரம் கழுவினேன். அந்தச் சிரிப்பை எங்கே கொண்டுபோய் வைப்பது. கழுவிக்கொண்டிருக்கும்போது மெய்யாகத்தான் சொல்கிறேன் என்று ஒருதரம் சொல்லவேண்டும் என்று தோன்றத்தான் செய்தது, குழாயில் தண்ணீர் சத்தமாக விழுந்துகொண்டிருந்தது, அவரும் தொட்டிப் பக்கம் போய்விட்டார், அப்புறம் சொல்லலாம் என்று விட்டேன். அவர் மேல் தப்பில்லை. அவர் பக்கமிருந்து பார்த்தால் மீனின் உடம்பைக் குடித்துக்கொண்டு தொங்குகிற வெள்ளைப் புள்ளி சீக்குதானே, மீனைக் கேட்டாலும் சீக்கு என்றுதான் சொல்லும்.

மண். கண்ணை மூடினாலும் மண், இமைக்கு உள்பக்கம் மினுங்குகிறது. வாளியில் இன்னும் நாலு விரல் ஆழம் இருக்கிறது. முதலில் பார்த்த தட்டுகளை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது, காலையில் வேகவேகமாகப் பார்த்தேன், அதில் ஒன்று வாயை மூடிக்கொண்டு மண் மாதிரிக் கிடந்திருந்தால்? பயந்தால் மூடிக்கொள்ளும்தானே, பில்லரில் உறிஞ்சினால் யாருக்குத்தான் பயம் வராது. அப்படியானால் பார்த்து முடித்த வாளியை மறுபடி முதலிலிருந்து பார்க்கவேண்டும், அதை முடித்ததும் மறுபடி. இப்படியே உட்கார்ந்திருக்கலாம். இல்லை என்று ஒரு பொருளைப் பற்றிச் சொல்ல எவ்வளவு நேரம் பார்த்தால் போதும்? சார் மெட்ராஸில் இருக்கிறார், இந்த வேலையை இன்னொரு வருஷம் நீட்டித்துத் தரச் சொல்லிக் கேட்கப் போயிருக்கிறார், சாயங்காலம் கூப்பிடுவார், குரல் எப்போதும் தொண்டையில் ஏதோ சிக்கினாற்போல இருக்கும், எப்படிம்மா இருக்கு என்பார், மீனைக் கேட்கிறாரா என்னைக் கேட்கிறாரா என்று தெரியாது. இல்லை சார் என்று சொல்லவேண்டும். என்ன ஆச்சு என்பார். உப்பு என்று சொன்னால் யார் என்பார். மாசானம் அண்ணன் தினக்கூலி, நாளைக்கு வரவேண்டாம் என்று சொல்ல ஒரு போன் போதும், சார் அப்படிச் சொல்லுகிறவர் இல்லை, ஆனால் சாருக்கு மேலே இருக்கிறவர்களை எனக்குத் தெரியாது. குஞ்சு இறங்கவில்லை சார், மீன் உடம்பு ஏற்கவில்லை போல என்று சொல்லிவிட்டால்? சார் நம்புவார். நாற்பது வருஷமாக ஆறு அவருக்குச் சொல்லிக்கொடுத்தது அதைத்தான், எதுவும் தங்காது என்று. மாசானம் அண்ணனுக்கும் ஒன்றும் தெரியவேண்டாம். அவருக்கு எதற்குத் தெரியவேண்டும்? இனிமேல் கவனமாக இருப்பதற்கு என்றால், இனிமேல் என்று ஒன்று இருந்தால்தானே. கவனமாக இருக்க ஒன்றுமில்லாத இடத்தில் ஒரு மனுஷனின், மீன்கூடச் சாகாத கையைப் பிடித்து இதுதான் கொன்றது என்று காட்டி யாருக்கு என்ன ஆகப்போகிறது.

ராட்சசனின் உயிர் ஏழு கடல் தாண்டி ஒரு கிளிக்குள் இருக்கும் என்று எங்கள் தாத்தா சொல்லுவார், ராஜகுமாரன் போய் அந்தக் கிளியின் கழுத்தைத் திருகுவான், நாங்கள் கைதட்டுவோம். அவ்வளவு வருஷம் அந்தக் கிளிக்கு யார் தீனி போட்டார்கள் என்று தாத்தா சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை. யாரோ ஒருவன் கூண்டைக் கழுவி, தண்ணீர் மாற்றி, சிறகுக்குள் பூச்சி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு இருந்திருப்பான். உள்ளே இருப்பது யார் உயிர் என்று அவனுக்குத் தெரிந்திருக்காது. தெரிந்திருந்தால் அந்தக் கையோடு அப்படி நிம்மதியாகக் கழுவியிருப்பானா. தெரியாமல் இருக்கட்டும். சரி, இதுதான் முடிவு, இல்லை என்றால் சொல்வதில்லை. முடிவெடுத்ததும் பிடரி வலி கொஞ்சம் இறங்கியது போல இருந்தது, அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது, கொஞ்ச நேரமாகவே வாளியில் குஞ்சே இல்லாமல் இருந்தால் நல்லது என்று நான் நினைத்துக்கொண்டுதான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். சீக்கிரம் பார்த்து, சீக்கிரம் கொட்டி, வாளியை அவரிடம் கொடுத்துவிட்டு, வீட்டுக்குப் போய் முகம் கழுவிப் படுத்துவிட்டால் எழுந்திருக்கிறபோது எல்லாம் முடிந்திருக்கும். வேறு வேலை பார்க்கலாம். அக்கா மருந்துக் கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறாள். அங்கே இருப்பதெல்லாம் பாட்டிலுக்குள் இருக்கும், பெயர் எழுதி ஒட்டியிருக்கும், ஒன்றும் உயிரோடு இருக்காது.

மண். நூல். மண். ஓட்டுப்பூச்சி. மூடிக் கிடக்கிறது, ஓடு சனியனே. ஓடவில்லை. பில்லர் நுனியால் பக்கத்து மணலைத் தட்டினேன், ஓடவில்லை. செத்த ஓடு. அடுத்த இடத்துக்குத் தட்டை நகர்த்தப்போனேன், விரல் நகர்த்திவிட்டது, பாதி மறைந்துவிட்டது, மறைகிற ஓரத்தில் ஏதோ. திரும்ப இழுத்தேன். இழுத்த வேகத்தில் எல்லாம் கலங்கிவிட்டது, தெளியக் காத்திருந்தேன், காற்று மோட்டாரின் குர்ர் மட்டும் கேட்டது, தெளிய ஒரு யுகம் ஆயிற்று. இரண்டு ஓடு. கண்ணாடி மாதிரி, உள்ளே லேசான பழுப்பு. விளிம்பில் மடிப்பு இல்லை. நடுவில் ஒரு கோடு பிளந்து, கோடு கொஞ்சம் அகலமாகி, அதற்குள்ளிருந்து ஒரு நாக்கு. வெளுப்பாக, தயங்கித் தயங்கி வந்தது. இடப்பக்கம் நீட்டிப் பார்த்தது. ஒன்றும் அகப்படாமல் வலப்பக்கம். ஒரு மண் துகளைத் தொட்டு, விட்டு, மறுபடி தொட்டு, நுனியை அதில் ஒட்டவைத்து, ஓட்டோடு தன் மொத்த உடம்பையும் அந்தத் துகளை நோக்கி ஒரு இழுப்பு இழுத்தது. நகர்ந்தது. நான் சந்தோஷப்படுவேன் என்று நினைத்திருந்தேன். ஊரைக் கூட்டுவேன், சாருக்குப் போன் பண்ணி அழுவேன் என்றெல்லாம் ஒரு காலத்தில் நினைத்திருக்கிறேன். ஐயோ, இருக்கிறாயே என்றுதான் வந்தது. அடிவயிற்றிலிருந்து ஒரு அலுப்பு, படுக்கப்போன ஆளை எழுப்பிக் குழந்தையைக் கையில் கொடுத்தது போல. ஒன்றை வைத்துக்கொண்டு என்ன செய்ய. வளர்ந்து பிள்ளை பெற இதற்குப் பத்து வருஷம் ஆகலாம், அதற்கு இன்னொன்று வேண்டும், வாளியில் இன்னொன்று இருக்கலாம், இருக்காது, இருக்கலாம். அது இரண்டாவது இழுப்பு இழுத்தது. இதற்குத் தெரியாது, தான் ஒன்றுதான் என்று.

இது இருக்கிறது என்றால் நாளைக்கும் தொட்டி இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை இருக்கிறது, சாவி மாசானம் அண்ணனிடம் இருக்கிறது, உப்புப் பை அலமாரியில் மேல்தட்டில் இருக்கிறது, தண்ணீர் கொஞ்சம் பச்சையடித்தால் மனசு கேட்காத ஒரு மனுஷன் இருக்கிறார். இல்லாமல் போயிருந்தால் அவரிடம் ஒன்றும் சொல்லவேண்டியிருந்திருக்காது. எழுந்து கூப்பிடலாமா, உட்கார்ந்தபடியே கூப்பிடலாமா என்று ஒரு யோசனை, இதற்கெல்லாமா யோசிப்பார்கள், யோசித்தேன். அதற்குள் செருப்புச் சத்தம் அதுவாகவே வந்தது, துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு, வாளி ஆயிற்றா என்று கேட்டுக்கொண்டு. நாற்காலியை விட்டு எழுந்து தள்ளி நின்றேன். இதில் கண்ணை வைத்துப் பாருங்கள் என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். புளுகு சொல்லுகிற நேரம் இல்லை என்று அவருக்குத் தெரிந்திருக்கவேண்டும், துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு குனிந்தார், முதலில் கண்ணை எங்கே வைப்பதென்று தெரியாமல் மூக்கை இடித்துக்கொண்டார், பிறகு அசையாமல் நின்றார்.

"ஏதோ நாக்க நீட்டுது."

மட்டிக்குஞ்சு என்றேன். இம்புட்டுப்போலயா என்று கேட்டார், சிரித்தார் போல, பிடரியில் ஒரு அசைவு தெரிந்தது. இது எங்கே கிடந்தது என்றார். உங்க வாளியில் என்றேன். அதற்கு முன்னால் எங்கே இருந்தது என்று அவர் கேட்கவேண்டாம் என்று இருந்தது எனக்கு. அவர் கேட்கவில்லை. கண்ணை எடுக்கவும் இல்லை. மேசை விளிம்பைப் பிடித்திருந்த விரல்கள், மீன் துடிக்காமல் பிடிக்கிற விரல்கள், கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்துக்கொண்டு வந்தன. குழாய்க்குள் பேசுவது போலக் கீழே பார்த்தபடியே பேசினார்.

"அந்த வெள்ளப் புள்ளி அம்புட்டும் இதானா, பிள்ள?"

ஆமாண்ணே என்றேன். உங்களுக்குத் தெரியாதுல்லா, நான் சரியாச் சொல்லியிருக்கணும் என்று சொல்ல வைத்திருந்ததை உள்ளேயே வைத்துக்கொண்டேன், அதைக் கேட்கிற நிலையில் அவர் இல்லை, சொன்னால் எனக்குத்தான் லேசாக இருக்கும். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. மூன்றாம் தொட்டியில் ஒரு கெண்டை மேலே வந்து தண்ணீரைக் கிழித்துவிட்டுப் போனது. அவர் நிமிரவே மாட்டார் என்று தோன்றியது. கடைசியில் தலையைத் தூக்காமல், மீன்களிடம் பேசுகிற குரலில் இல்லாமல், என்னிடம் பேசுகிற குரலிலும் இல்லாமல், நான் இதுவரை கேட்காத ஒரு குரலில் கேட்டார்.

"இதுக்கு என்ன திங்கக் குடுக்கணும்?"

சொல்ல வாயெடுத்தேன். இந்த அளவுக்கு இதை உயிரோடு கொண்டுவந்தவர்கள் இந்த ஆற்றங்கரையில் யாரும் கிடையாது.

"தெரியாதுண்ணே," என்றேன்.